கூரை தட்டும் வேலை

காலை ஏழு பத்துக்கு எசென் சுரங்கக் கூரையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, "நல்லாருக்கு" என்றான். ஏழு இருபத்தைந்துக்கு அது விழுந்தது.

பெரிய துண்டு என்று சொல்ல முடியாது. ஒரு கதவின் அகலம், ஒரு சாண் கனம். அதற்கு நேர் கீழே ஜானிஷ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காற்றுக்குழாயின் மூட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். கையிலிருந்த ஸ்பேனர் சின்னது. பெரியதை எடுக்க எழுந்து பெட்டியை நோக்கி நாலு எட்டு வைத்தான். அவனுக்குப் பின்னால் பாறை வந்து இறங்கியது. குழாய் மூட்டு நசுங்கித் தகடாகிவிட்டது.

எசென் பத்தடி தள்ளி நின்றிருந்தான். அந்தச் சத்தம் அவன் காதுக்கு வருமுன் பாதத்துக்கு வந்தது.

தூசி அடங்க நேரம் எடுத்தது. ஜானிஷ் திரும்பி வந்து, விழுந்த துண்டை பூட்ஸால் ஓர் உதை உதைத்தான். பிறகு சிரித்தான்.

"யோவ் சகலை, என் பொண்டாட்டிய விதவையாக்கி உனக்கு என்னய்யா ஆகப்போகுது? அவ உன் மச்சினி. நாளைக்குச் சோறு போடப்போறது நீதான், ஞாபகம் இருக்கட்டும்."

எசென் விழுந்த துண்டையே பார்த்தான். கடப்பாரையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

ஷிப்டுத் தலைவன் பெய்ஷென் கிளைப்பாதை முனையிலிருந்து ஓடி வந்தான். முப்பத்திரண்டு வயது. கீழே நகரத்தில் படித்துவிட்டு வந்தவன்.

"யாருக்காவது அடிபட்டுச்சா?"

"கொழாய்க்குத்தான்," என்றான் ஜானிஷ்.

"தட்டிப் பாத்தீங்களா இல்லையாண்ணே?"

கேள்வி எசெனுக்கானது. எசென் வாயைத் திறந்தான். ஜானிஷ் முந்திக்கொண்டான்.

"பாக்காம இருப்போமா தம்பி? தட்டினப்ப கணீர்னுதான் பேசுச்சு. நானும் பக்கத்துலதான் நின்னேன். என் காதாலயே கேட்டேன். பனி ஏமாத்திடுச்சு."

பெய்ஷென் குனிந்து பார்த்தான். உடைந்த பரப்பில் வெள்ளையாகப் பனி ஒட்டியிருந்தது. ஒரு விரல் கனம் இருக்கும். கையுறையால் துடைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, காரணம் என்ற இடத்தில் பனி என்று எழுதினான்.

அந்த மலையில் கல்லும் மண்ணும் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும். விரிசலில் புகுந்த நீர் இறுகிப் பாறையோடு பாறையாகிவிடும். தட்டினால் நல்ல பாறையைப் போலவே பேசும். ஆனால் முழுக்க இல்லை. நல்ல பாறையில் கணீர் என்ற ஒலிக்குப் பின்னால் மெல்லிய இழை ஒன்று நீண்டு போகும். பனி நிறைந்த விரிசலில் அந்த இழை இருக்காது. அது இல்லை என்பதை எசென் முன்பெல்லாம் ஒரே தட்டில் பிடித்துவிடுவான். அதனால்தான் அவனுக்கு அந்த வேலை.

முந்தின ஷிப்டு வெடி வைத்துவிட்டுப் போகும். காலையில் புகை போனதும் இரண்டு பேர் முதலில் உள்ளே போவார்கள். ஒருவன் கடப்பாரையால் கூரையைத் தட்டி வருவான். மற்றவன் வெளிச்சம் காட்டுவான். தளர்ந்தது பொத்தென்று பேசும். அதை நெம்பித் தள்ளிவிடுவார்கள். அதுவரை மற்ற எட்டுப் பேர் கிளைப்பாதை முனையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஆறு வருடமாகத் தட்டுகிறவன் எசென், விளக்குப் பிடிக்கிறவன் ஜானிஷ். அக்காவைக் கட்டியவனும் தங்கையைக் கட்டியவனும். பாறைக்குள் எலி ஓடினாலும் எசெனுக்குக் கேட்கும் என்று மேலே சுரங்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அதை உண்மைக் கதையாகவே சொல்வார்கள்.

அன்று முழுக்க எசென் துளை மெஷினைப் பிடித்தான். யாரோடும் பேசவில்லை. மெஷின் ஓடும்போது யாரும் பேசுவதில்லை என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை.

நவம்பரில் அவன் மருத்துவச் சோதனையில் தேறியிருந்தான்.

மலைக்குக் கீழே ஏரிக்கரை ஊரில், கம்பெனி மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் காது பார்க்கும் அறை. ரகிமா என்ற நர்ஸ் ஒரு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். காதில் மாட்டியதில் கீச்சென்று சத்தம் வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் கை பெட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஆனால் அவளுக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் ஓர் எவர்சில்வர் கெட்டில் இருந்தது. அதில் அவள் கை தெரியும். கை அழுத்தினால் நீயும் அழுத்து. மேலே வேலை செய்கிற பாதிப் பேர் அந்தக் கெட்டிலைப் பார்த்துத்தான் தேறினார்கள்.

எசெனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் ஜானிஷ்.

"எனக்குத் தேவையில்லய்யா," என்றிருந்தான். "ஒரு பொது அறிவுக்குத் தெரிஞ்சு வச்சிருக்கேன். உனக்கும் தேவையில்ல. ஆனா அன்னிக்குனு பாத்து மூக்கடைச்சிருந்தா?"

எசென் கெட்டிலைப் பார்த்தான். முதல் சில ஒலிகள் கேட்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கெட்டிலின் வளைவில் ஒரு சின்னக் கை எழுந்து எழுந்து விழுந்தது. அவன் அழுத்தினான்.

ரகிமா காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"பதினஞ்சு வருஷமா டிரில் புடிக்கிறீங்க, இல்லையாண்ணே?"

"பதினாறு."

"இந்த அறைக்கு வந்தவங்கள்லயே ரொம்ப நல்ல காது உங்களோடதுதான். என் காதவிட நல்லாருக்கு." அவள் சிரிக்கவில்லை. "நீங்க காதுமூடி போடுவீங்களா?"

"போடாம எப்படிம்மா? போடலன்னா உள்ள விடமாட்டாங்க."

அவள் மேசை அறையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "மேல எப்படிப் போடுவீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்க."

எசென் தன் கம்பளித் தொப்பியை எடுத்துக் காது முழுக்க இழுத்துவிட்டான். அதன் மேல் காதுமூடியை மாட்டினான். அவள் எழுந்து வந்து அதன் விளிம்புக்கு அடியில் ஆள்காட்டி விரலை நுழைத்தாள். விரல் தடையில்லாமல் போயிற்று.

"என் வெரலே போகுது. சத்தம் போகாதா?"

"தொப்பி போடாம மாட்டினா காது அறுந்து கையில வந்துரும். மைனஸ் இருபத்தஞ்சு."

"அப்ப தொப்பிக்கு உள்ள மாட்டணும்."

"ஹெல்மெட் உக்காராது."

"உள்ள செருகுற ஸ்பாஞ்சுத் திரி குடுப்பாங்களே?"

"கல்லாட்டம் ஆயிடும்மா அது. விரியவே விரியாது. வாயில வச்சு இளக்கிச் செருகினா ஈரம் காதுக்குள்ளயே உறையுது."

ரகிமா காதுமூடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"பதினாறு வருஷமா நீங்க காத மூடலண்ணே. தொப்பிய மூடியிருக்கீங்க."

அவன் கையைக் கேட்டாள். நகங்களை ஒவ்வொன்றாக அழுத்தி விட்டுப் பார்த்தாள். வெளுத்த இடம் வெளுத்தே கிடந்தது. இரண்டு விரல்களில் நிறம் திரும்பவேயில்லை.

"எவ்வளவு நாளா?"

"குளிர்ல வேலை செஞ்சா எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

"மெஷின் அதிர்வும் குளிரும் சேந்தா வெரல்ல ரத்தம் ஓடாது. வெரல்ல ஓடலன்னா காதுக்குள்ளயும் ஓடாது. வெரல் வெளுத்தவங்களுக்குக் காது சீக்கிரம் போகும். நான் பாத்தவங்கள்ல எல்லாருக்கும் போயிருக்கு. உங்களுக்குத்தான் போகல."

தேறினார் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். அவன் கதவருகே போய்த் திரும்பினபோது அவள் கெட்டிலை எடுத்து அலமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பெஞ்சில் ஜானிஷ் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அவன் காலையிலேயே முதல் ஆளாகத் தேறிவிட்டவன்.

"என்ன சகலை, கெட்டில் சௌக்கியமா?"

"சௌக்கியம்," என்றான் எசென்.

அன்றைக்கு அவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஐம்பது வயதில் சுரங்கத்தாருக்கு ஓய்வூதியம். இன்னும் இரண்டு வருடம். கொஞ்சம் மந்தமாகக் கேட்டால் என்ன? மேலே எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள்.

தேறாதவர்களை அவன் பார்த்திருக்கிறான். சபராலி இருபது வருடம் டிரில் பிடித்தவன். ஒரே நாளில் கீழே அனுப்பினார்கள். இப்போது பள்ளிக்கூட வாசலில் காவல். பிள்ளைகள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அவன் பெயரைச் சொல்லிவிட்டு, அவன் திரும்பவில்லை என்று சிரிக்கும். சபராலியும் எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

ஜனவரியில் ஓய்வுக்கு ஊருக்கு இறங்கியபோது ஜானிஷ் வீட்டில் ஆடு அறுத்தார்கள். மூத்த மாப்பிள்ளைக்கு மரியாதை என்று வெந்த ஆட்டுத்தலை எசென் முன்னால் வந்தது. வயதில் ஜானிஷ் ஒரு வருடம் பெரியவன். ஆனாலும் அக்காவைக் கட்டியவன் எசென்தான். அவன் கத்தியை எடுத்துக் காதை அறுத்தான். காது பிள்ளைகளுக்குத்தான் போகும், சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று. ஜானிஷின் கடைக்குட்டி கையை நீட்டினாள். ஜானிஷ் குறுக்கே புகுந்து அந்தக் காதைப் பிடுங்கி எசெனின் தட்டிலேயே போட்டான்.

"இவ சொல்றத கேக்குறா. கேக்காதவன் தின்னட்டும். சயரா மூணு தடவ கூப்பிட்டாத்தான் சகலை திரும்புறாராம்."

வீடு சிரித்தது. எசெனும் சிரித்தான். மற்றக் காதையும் அறுத்து ஜானிஷின் தட்டில் வைத்தான்.

"நீயும் தின்னுய்யா. உங்க வீட்டு டிவி எங்க தெரு வரைக்கும் கேக்குது."

"அப்படிப் போடுங்க அத்தான்," என்றாள் ஜானிஷின் மனைவி நசிப். "நான் சொன்னா இவருக்கு ஏறாது."

எசெனின் மனைவி சயரா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"காலைல உங்க முதுகுக்குப் பின்னாடி கரண்டிய கிண்ணத்து மேல தட்டினேன். நாலு தடவ."

"ஏன்?"

"தட்டிப் பாத்தேன். நீங்கதான் பாறைய தட்டிப் பாப்பீங்களா?"

"யோசனைல இருந்திருப்பேன்."

"மறைக்காதீங்க. மேல உங்க காத நம்பி ஆளுங்க நிக்கிறாங்க. என் தங்கச்சி புருஷன் நிக்கிறான்."

"தேறியிருக்கேன் சயரா. முத்திரை போட்டுக் குடுத்திருக்காங்க. காகிதம் அந்தப் பெட்டியில இருக்கு, பாரு."

"காகிதம் கேக்குமா?" என்றாள்.

அவன் தேநீரைக் குடித்தான்.

பாறை விழுந்த அன்று மாலை நாலு மணிக்கு ஷிப்டு முடிந்தது. மற்றவர்கள் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். எசென் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கழிவுக் கல் கொட்டும் மேட்டுக்குப் போனான்.

வெயில் இருந்தது. சூடு இல்லை. காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறி வந்து மேட்டின் விளிம்பில் பனித்தூளைச் சுழற்றியது. மைனஸ் இருபத்தேழு என்று வாசல் பலகை காட்டியது. அவன் ஆள் உயரக் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். சுற்றி வந்து பார்த்தான். ஒரு கீறல் இல்லை. தட்டினான்.

டொக்.

பக்கத்தில் இன்னொன்று. மேலிருந்து கீழ் வரை விரிசல் ஓடியது. கத்தி நுழையும் அகலம். கண் தெரிகிற எவனும் அதைக் கெட்டுப்போன கல் என்பான். தட்டினான்.

டொக்.

தொப்பியைக் கழற்றினான். காற்று இரண்டு காதுகளையும் கடித்தது. முதல் கல்லைத் தட்டினான். இரண்டாவதைத் தட்டினான். மறுபடி முதல் கல். ஒன்றுக்கும் மற்றதற்கும் வேறுபாடு இல்லை. இரும்பு கல்லில் படுகிறது என்பது மட்டும் தெரிந்தது. அந்தக் கல் என்ன சொல்கிறது என்பது தெரியவில்லை.

காது சந்தேகப்பட்டால் கையை வை என்பார்கள். கடப்பாரையால் தட்டும்போது மறு உள்ளங்கையைப் பாறையில் ஒட்டி வைத்தால் தளர்ந்த கல் தோலுக்குள் நடுங்கும். எசென் கையுறையை உருவினான். வெளுத்த விரல்களைக் கல்லின் மேல் பரப்பினான். தட்டினான். கல் நடுங்கியதா இல்லையா தெரியவில்லை. கல்லின் குளிரே அவனுக்குத் தெரியவில்லை. கையை எடுத்தபோது விரல் நுனித்தோல் கொஞ்சம் கல்லில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதுவும் வலிக்கவில்லை.

தொப்பியை மாட்டிக்கொண்டான்.

எப்போதிலிருந்து என்று எண்ணிப் பார்த்தான். போன வருடம் வசந்தத்தில் ஒருநாள், கணீர் கொஞ்சம் தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது. சளி என்று நினைத்தான். அதற்குப் பிறகு காலைதோறும் போனான், தட்டினான், நல்லாருக்கு என்றான். பொய் சொல்கிறோம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. கை பழகிய வேகத்தில் தட்டியது. வாய் பழகிய சொல்லைச் சொன்னது. கூரை விழவில்லை. விழாததால் கேட்டது என்று நினைத்துக்கொண்டான்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஜானிஷ் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். நூடுல்ஸும் கறியும் ஆறிப்போயிருந்தன.

"எங்கய்யா போன? மூக்கு செவந்து கெடக்கு."

"நடந்துட்டு வந்தேன்."

"இந்தக் குளிர்லயா? மூளை உறைஞ்சிரும். ஏற்கெனவே கம்மி."

எசென் அவனைப் பார்த்தான். காலையில் அவன் எழுந்து நடந்த நாலு எட்டை நினைத்தான். ஸ்பேனர் சரியான அளவாக இருந்திருந்தால் அவன் எழுந்திருக்கமாட்டான். நசிப் வீட்டு வாசலில் போய் எதைச் சொல்லி நிற்பது? பனி என்றா?

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு எல்லாரும் கிளைப்பாதை முனைக்கு வந்துவிட்டார்கள். அடுப்பு சிவந்து எரிந்தது. எட்டுப் பேரும் கையுறைகளைக் கழற்றி அதன்மேல் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மற்றவனுடைய மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். எசெனுக்கு வாய்கள் திறந்து மூடுவது தெரிந்தது.

"போங்கண்ணே. இன்னிக்குக் கொஞ்சம் நிதானமாவே பாருங்க. அவசரமில்ல," என்று அவன் தோளருகே வந்து பெய்ஷென் சொன்னான்.

இருவரும் நடந்தார்கள். நூற்றைம்பது அடி. சுவரில் உறைபனி செதில் செதிலாக நின்று, விளக்குப் பட்ட இடத்தில் மின்னியது. நேற்று விழுந்த துண்டை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அதைத் தாண்டினார்கள். வெடி வைத்த சுவருக்கு இருபதடி முன்னால் எசென் நின்றான். ஜானிஷை நோக்கித் திரும்பி, கடப்பாரையை நீட்டினான்.

"நீ தட்டு."

ஜானிஷ் உலர்த்திய உப்புத் தயிர் உருண்டை ஒன்றைக் கன்னத்தில் அடக்கியிருந்தான். அதை மறு கன்னத்துக்கு மாற்றினான்.

"ஏன், கைக்கு என்ன ஆச்சு?"

"கை இல்ல. காது."

"நேத்து விழுந்ததுக்கா? அது பனிய்யா. எழுதியாச்சு, முடிஞ்சு போச்சு."

"பனி இல்ல." சுரங்கத்துக்குள் எப்போதும் போல் முகத்துக்கு முகம் நெருங்கித்தான் பேசினார்கள். எசென் இன்னும் கொஞ்சம் நெருங்கினான். "எனக்குக் கேக்கல ஜானிஷ். நேத்து மட்டும் இல்ல. போன வசந்தத்துலேருந்து. நல்ல கல்லும் கெட்ட கல்லும் ஒண்ணாத்தான் கேக்குது. சும்மா தட்டிட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டிருந்திருக்கேன். உன்ன அதுக்குக் கீழ உக்கார வச்சிருக்கேன்."

அவன் அடியை எதிர்பார்த்தான். குறைந்தது ஒரு வசவை. ஜானிஷ் அசையாமல் நின்றான். அவன் விளக்கு எசெனின் மார்பில் விழுந்து நின்றது.

"வேற யார்கிட்ட சொன்ன?"

"உன்கிட்டத்தான். நீ தட்டு. இன்னிக்குப் பாத்து முடி. முடிஞ்சதும் பெய்ஷென்கிட்ட நானே சொல்லிடறேன். கீழ போயிடறேன்."

"ரெண்டு வருஷம்தானய்யா பாக்கி."

"தட்டு ஜானிஷ்."

ஜானிஷ் கடப்பாரையை வாங்கினான். கொஞ்ச நேரம் அதன் கனத்தைப் பார்ப்பவன்போல் கையில் வைத்திருந்தான். பிறகு எட்டித் தலைக்கு மேல் தட்டினான். ஒரு தட்டு. இன்னொன்று.

"நல்லாருக்கு," என்றான். பிறகு, "இல்ல?" என்றான்.

இரண்டடி தள்ளித் தட்டினான்.

"இதுவும் நல்லாத்தான்..."

எசென் விளக்கை உயர்த்திப் பிடித்திருந்தான். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவன் விளக்குப் பிடிக்கிறான். விளக்குப் பிடிக்கிறவனுக்குத் தட்டுகிறவனின் முகம் நன்றாகத் தெரியும். ஜானிஷின் கண் கூரையில் இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் அது எசெனின் முகத்துக்கு வந்தது. வந்து, காத்திருந்தது. அந்தப் பார்வை எசெனுக்குத் தெரியும். கெட்டிலைப் பார்க்கிற பார்வை.

"எப்பலேருந்து?" என்றான் எசென்.

"என்ன எப்பலேருந்து?"

"எப்பலேருந்துய்யா?"

ஜானிஷ் இன்னொரு தடவை தட்டக் கையை உயர்த்தினான். தட்டவில்லை. கடப்பாரையைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

"அதுக்கும் முந்தின வருஷம். உருளக்கெழங்கு தோண்டுறப்ப. மொதல்ல வலது. அப்புறம் ரெண்டும்."

"கெட்டில்?"

"பின்ன? பொது அறிவுக்கா?"

எசென் விளக்கைக் கீழே இறக்கினான்.

"சொல்லலையே ஜானிஷ்."

"எதுக்குச் சொல்லணும்? நீ இருக்கியேன்னு இருந்தேன். உனக்குத்தான் பாறைக்குள்ள எலி ஓடுறது கேக்குமே. நீ நல்லாருக்குன்னா நல்லாருக்கு. வெளக்கு புடிக்கிறவனுக்கு எதுக்குய்யா காது?"

"நேத்து அவன்கிட்ட, என் காதாலயே கேட்டேன்னு சொன்ன."

"நீ கேட்டிருப்பன்னு நெனச்சு சொன்னேன்."

இருவரும் கூரையைப் பார்த்தார்கள். வெடியில் புதிதாகக் கிழிந்த பாறை. கறுப்பும் சாம்பலுமாக மடிந்து மடிந்து போயிற்று. சில மடிப்புகளில் பனி தெரிந்தது. சிலவற்றில் வெறும் இருட்டு. அதில் எது பிடித்துக்கொண்டிருக்கிறது, எது விட்டுவிட்டது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அதற்குத்தான் தட்டுவது.

எசென் கணக்குப் போட்டான். போன வசந்தம். பிறகு கோடை, இலையுதிர்காலம், இந்தக் குளிர். ஒவ்வொரு காலையும் எட்டுப் பேர். இன்னொருவன் கேட்டிருப்பான் என்று இந்தப் பக்கம் ஒருவன். கேட்டிருப்பான் என்று அந்தப் பக்கம் ஒருவன்.

"இங்க பாரு," என்றான் ஜானிஷ். அவன் வேகமாகப் பேசினான். எசென் அவன் உதட்டைப் பிடிக்கக் கண்ணை இடுக்கினான். "ரெண்டு பேரும் சொல்ல வேண்டியதில்ல. ஒருத்தன் சொன்னா போதும். நீ போறேன்னா போ. நான் இருக்கேன். தட்டுறதுக்கு வேற ஆளக் குடுன்னு நானே கேட்டுக்கறேன். காது நல்லாருக்கிற எவனாவது."

"எவனுக்கு நல்லாருக்கு?"

ஜானிஷ் அடுப்புப் பக்கம் திரும்பினான்.

எசென் பாதையின் முனையைப் பார்த்தான். அடுப்பின் சிவப்பு ஒரு காசளவு தெரிந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நவம்பரில் தேறியவர்கள். எல்லாருக்கும் கம்பளித் தொப்பி, அதன்மேல் காதுமூடி.

"அந்த நர்ஸு கெட்டில அலமாரிக்குள்ள வச்சிட்டா," என்றான் எசென். "நான் பாத்தேன்."

"எப்ப?"

"நவம்பர்ல. எனக்கப்புறம் யாராரு போனாங்க?"

ஜானிஷ் யோசித்தான். "அன்னிக்கு நம்ம ஷிப்டுல கடைசி ஆளு நீதான்."

மேலிருந்து சரளைக்கல் ஒன்று உதிர்ந்து ஜானிஷின் ஹெல்மெட்டில் பட்டுத் துள்ளியது. அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. தோளை மட்டும் ஒடுக்கினான். எசென் அவன் கையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்தான். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு இழுத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அங்கேயும் மேலே அதே பாறைதான்.

"பசங்க வந்துருவாங்க," என்றான் ஜானிஷ்.

"தெரியும்."

"என்னய்யா சொல்றது?"

தூரத்தில் ஒரு தலைவிளக்கு ஆடிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக. வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது என்று அடுப்பை விட்டு எழுந்துவிட்டார்கள். முன்னால் பெய்ஷென். நேற்று விழுந்த துண்டின் பக்கத்தில் அவன் நின்று, பின்னால் வருகிறவர்களைக் கையால் நிறுத்தினான். அவன் விளக்கு இருவர் முகத்திலும் மாறி மாறி விழுந்தது. ஜானிஷ் கடப்பாரையை எசென் பக்கம் நீட்டினான். எசென் வாங்கவில்லை.

பெய்ஷென் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு உரக்கக் கேட்டான்:

"என்னண்ணே, ரெண்டு பேரும் செலையாட்டம் நிக்கிறீங்க? ஆளுங்கள உள்ள விடட்டுமா?"